சுவரிலே தொங்கும் நேரசூசி

புதிய தவணை தொடங்கும் முதல் வாரத்திலே நம் வீடுகள் பலவற்றில் ஒரு சிறு சடங்கு நடைபெறுவதுண்டு. மாணவன் வெள்ளைத் தாள் ஒன்றை எடுப்பான். அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறுவான். அதிகாலை நான்கு மணி முதல் இரவு பதினொரு மணி வரையுள்ள தன் பொழுதைக் கட்டங்களாக வகுத்து, சிவப்பிலும் நீலத்திலும் பாடங்களின் பெயர்களை எழுதுவான். அத்தாள் சுவரில் ஒட்டப்படும். தாயார் பார்த்து மகிழ்வார். தந்தையார் வாய்விட்டு ஒன்றும் சொல்லாவிடினும், வந்த விருந்தினருக்கு அதைச் சுட்டிக் காட்டாமல் இரார். இரண்டு வாரம் கழிய மீண்டும் அவ்வீட்டுக்குச் செல்வோமாயின் தாள் சுவரிலேயே இருக்கும். அதன்படி நடப்பவர் மாத்திரம் எவருமில்லை.

நகையாடுவதற்காக இதனை நான் கூறவில்லை. நேரசூசி ஒன்று கைவிடப்படும்போது அதனோடு வேறொன்றும் கைவிடப்படுகின்றது என்பதை, ஆசிரியத் தொழிலிலே பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் கண்டிருக்கின்றேன். ‘நான் சொன்னதைச் செய்யவல்லவன்’ என்று மாணவன் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையே அது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், பத்தாந் தரத்திலே கற்ற என் மாணவன் ஒருவன் பாடசாலை விட்ட பின்னும் வகுப்பறையிலேயே இருந்தான். முதலாந் தவணைப் பரீட்சையில் அவன் கணிதத்துக்குப் பெற்ற புள்ளி 28. காரணம் வினவியபோது, கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த நேரசூசியை எடுத்து நீட்டினான். அழகாகக் கீறப்பட்டிருந்தது. மூன்று நாள் மாத்திரமே அதன்படி நடந்ததாகவும், நான்காம் நாள் புத்தகத்தின் மேல் தலை வைத்து உறங்கிவிட்டதாகவும் சொன்னான். அதன்பின் அவன் கூறிய வார்த்தைதான் என்னைத் தடுத்து நிறுத்தியது.

“சேர், நான் படிப்புக்குச் சரிவராத ஆள். சாதாரணதரம் எழுதாமலே மாமாவின்ரை கராஜிலை வேலைக்குப் போகலாம் எண்டு யோசிக்கிறன்.”

கராஜ் வேலை இழிவானதன்று. கைத்தொழில் அறிந்தவனை நான் மதிக்கின்றேன். ஆயினும், விரும்பித் தொழிலுக்குச் செல்வது ஒன்று. தன்னை உதவாதவன் என்று தானே தீர்ப்பளித்துக்கொண்டு செல்வது வேறொன்று. அந்தத் தீர்ப்புக்கு அவனிடம் இருந்த சாட்சி, கோடு கீறிய அத்தாள் ஒன்றுதான். எனவே அச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதெனத் தீர்மானித்து, அவனை என் மேசையருகே இருத்தினேன்.

நாளைக் கணக்கிடல்

அத்தாளின்படி அவன் நாள்தோறும் ஏழு மணித்தியாலம் தானாகப் படிக்கவேண்டும். உறக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது இரவு பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரையாக ஐந்தே மணித்தியாலம். குளிப்பதற்கும் உண்பதற்கும் அதிலே நேரமில்லை. கிழமையில் மூன்று நாள் தனியார் வகுப்புக்குச் சைக்கிளில் செல்லும் நேரமும் இல்லை. கடைக்குப் போய் வருதல், தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தல், விளையாடுதல் ஆகிய யாவும் அத்தாளிலே இல்லாதனவாயின. அவனுடைய வாழ்க்கையில் அவையெல்லாம் இருந்தன.

“தம்பி, பிழை உன்னிலை இல்லை, உன்ரை கணக்கிலைதான்” என்றேன். பின்னர் இருவருமாகப் புதிய தாளில் அவன் நாளை உள்ளபடியே எழுதினோம்.

காலை 5.15க்கு எழுதல், 6.45க்கு வீட்டை விட்டுப் புறப்படுதல், 7.30 முதல் 1.30 வரை பாடசாலை, 2.15க்கு வீடு சேர்தல். உணவும் ஓய்வுமாக 3.15 வரை. திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களில் 3.30 முதல் 5.30 வரை தனியார் வகுப்பு. மாலையிலே குளித்து, விளக்கேற்றித் தேவாரம் பாடி முடிய 6.30. இரவு உணவு எட்டு மணிக்கு. படுக்கை 9.15க்கு. இவற்றுக்கிடையே எஞ்சியது எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தோம். காலையில் 40 நிமிடம், மாலையில் 6.30 முதல் 8.00 வரை 90 நிமிடம். உணவின் பின் 30 நிமிடம். ஆக, தனியார் வகுப்புள்ள நாளில் அவனுக்குச் சொந்தமான நேரம் 2 மணித்தியாலம் 40 நிமிடமே.

பையன் திகைத்துப் போனான். “இது காணுமோ சேர்?” என்று கேட்டான். ஏழு மணித்தியாலம் எழுதிவைத்து ஒன்றும் படியாதிருப்பதிலும், இரண்டே முக்கால் மணித்தியாலத்துக்குக் குறைவாக எழுதி அதனை முழுவதும் படிப்பது மேலல்லவா? இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதுபவன், வங்கி அதனைத் திருப்பி அனுப்பும்போது வருந்திப் பயனில்லை. கையிருப்பை முதலில் எண்ணுதல் வேண்டும்.

ஆகவே, நேரசூசி வகுக்க விரும்பும் மாணவர் முதலிற் செய்யத் தக்கது எதிர்வரும் வாரத்தைத் திட்டமிடுவதன்று. கழிந்த வாரத்தை எழுதிப் பார்ப்பதே. ஏழு நாட்களுக்கு, எந்த மணியில் என்ன செய்தோம் என்பதை ஒளிவுமறைவின்றிக் குறித்துக் கொள்ளுங்கள். பாடசாலை நேரமும் வீட்டு நிலையும் ஊருக்கு ஊர் வேறுபடும். மலையகத்திலே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாணவிக்கும், பாடசாலைக்கு அடுத்த வீட்டிலே வாழும் மாணவனுக்கும் ஒரே நேரசூசி பொருந்தாது.

உறக்கத்தைக் களவு செய்யலாகாது

நேரம் போதாது என்றவுடன் நம்மவர் முதலில் கைவைப்பது உறக்கத்திலேதான். ‘பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு நித்திரை எதற்கு?’ என்று கேட்கும் பெற்றோரும் உளர். பகலிற் கற்றவை மனத்திலே நிலைபெறுவதற்கு உறக்கம் உதவுகின்றது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தினர் 2016ஆம் ஆண்டிலே வெளியிட்ட பரிந்துரையின்படி, 13 வயது முதல் 18 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் உறங்குதல் வேண்டும். எம் மாணவனுக்கு நாம் வகுத்த 9.15 முதல் 5.15 வரையான எட்டு மணித்தியாலம் இதன் கீழெல்லையே. இரவிலே கண்விழித்துப் படித்து, மறுநாள் வகுப்பிலே ஆறு மணித்தியாலம் அரைத்தூக்கத்தில் இருப்பவன், ஒரு சதம் மிச்சம் பிடித்து ஒரு ரூபாவை இழந்தவனாவான்.

நாற்பது நிமிடம்

அடுத்து, கையிலுள்ள நேரத்தை எவ்வாறு பங்கிடுவது? நாற்பது நிமிடத்தை ஓர் அலகாகக் கொண்டோம். காலையில் ஓர் அலகு. மாலையிலே இடையில் பத்து நிமிட ஓய்வுடன் இரண்டு அலகுகள். இவ்வாறு திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு மூன்றாக 15 அலகுகள். தனியார் வகுப்பில்லாத செவ்வாயும் வியாழனும், விளையாடப் போகுமுன் ஒவ்வோர் அலகு மேலதிகமாகக் கிடைத்தது, 17 ஆயிற்று. சனிக்கிழமை காலையில் நான்கு அலகுகள். மொத்தம் 21.

அவன் கற்ற பாடங்கள் ஒன்பது. ஒன்பதுக்கும் சமமாகப் பங்கிடுவது நீதிபோலத் தோன்றும். நோயுள்ள இடத்திலல்லவோ மருந்து இடவேண்டும்? கணிதத்துக்கு 5, விஞ்ஞானத்துக்கு 4, ஆங்கிலத்துக்கு 3, வரலாற்றுக்கு 3, தமிழுக்கு 2, சமயத்துக்கு 1, தெரிவுப் பாடங்கள் மூன்றுக்கும் ஒவ்வொன்று என வகுத்தோம். கூட்டிப் பாருங்கள், 21 வரும். கணிதத்தை ஒரே நாளில் ஐந்து அலகாகக் குவிக்காமல், ஐந்து நாட்களின் காலை வேளையிலே வைத்தோம். உடலும் உள்ளமும் களைப்படையாத நேரத்தை மிகக் கடினமான பாடத்துக்குக் கொடுத்தல் வேண்டும்.

கட்டத்திலே ‘விஞ்ஞானம்’ என்று மாத்திரம் எழுதுவது போதாது. விஞ்ஞானம் கடல், எங்கே இறங்குவது என்று தேடுவதிலேயே பத்து நிமிடம் கரைந்துவிடும். ‘ஒளித்தெறிப்பு, ஐந்து வினா’ என்று எழுதினால் கைக்கு வேலை தெரியும். முடிந்ததா இல்லையா என்பதும் தெரியும். அந்தந்த வாரத்துக்குரிய இக்குறிப்பை ஞாயிற்றுக்கிழமை மாலையிலே கால் மணித்தியாலத்தில் எழுதிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமையை வேறு படிப்பின்றி வெறுமையாக விட்டோம். அறநெறிப் பாடசாலைக்கும், உறவினரைக் காண்பதற்கும், கோயிலுக்கும் உரிய நாள் அது. அத்துடன் அது கடன் தீர்க்கும் நாளுமாகும். காய்ச்சலாலோ, மரணவீட்டாலோ, திருவிழாவாலோ கிழமை நாட்களில் தவறிய அலகுகளை அன்று படித்துவிடலாம். ஆனால் இரண்டு அலகுக்கு மேல் கடன் தீர்க்கக் கூடாது என்று விதி செய்தோம். மிகுதி தள்ளுபடி. பழைய கடனைச் சுமந்துகொண்டே புதிய வாரத்துள் நுழையும் மாணவன், கடைசியில் நேரசூசியைக் கண்டே அஞ்சுவான்.

ஜாம் போத்தல் விளக்கு

உணவின் பின்னுள்ள 30 நிமிடத்துக்கு நாம் எப்பாடத்தையும் ஒதுக்கவில்லை. அதன் காரணத்தைக் கூறுவதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டியிருக்கின்றது.

1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில் நான் பாடசாலைச் சிறுவனாக இருந்தேன். மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருள். ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு எண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றை ஏற்றிப் படித்தோம். அவ்வெண்ணெயும் நெடுநேரம் காணாது. எனவே என் தந்தையார், படித்து முடிந்தவுடன் விளக்கை அணைத்துவிடுவார். அணைத்தபின் திண்ணை இருளிலே இருந்தபடி, “இப்ப படிச்சதைச் சொல்லு பாப்பம்” என்பார். நான் சொல்லுவேன், தடுமாறும் இடத்தை மனத்திலே குறித்துக்கொண்டு, விடிந்ததும் புத்தகத்தில் அவ்விடத்தை மாத்திரம் பார்ப்பேன். எண்ணெயைச் சேமிப்பதற்காகச் செய்யப்பட்ட காரியம் அது. அதுவே கற்றலின் சிறந்த முறைகளுள் ஒன்று என்பதை ஆசிரியனான பின்னரே அறிந்தேன்.

ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, மறதியை அளந்து, 1885ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். ஒரு மணித்தியாலத்துள்ளேயே பாதிக்கு மேல் நழுவிவிட்டது. ஒரு நாளிலே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பொருளுள்ள பாடம் இவ்வளவு விரைவில் மறவாது எனினும், முதல் நாளிலேயே மறதி மிகுதி என்பது இதனாற் பெறப்படும்.

அமெரிக்க அறிஞர்களான ரோடிகர், கார்பிக்கே என்னும் இருவர் 2006ஆம் ஆண்டிலே பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். ஒரு கூட்டத்தார் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்தனர். மற்றொரு கூட்டத்தார் ஒருமுறை படித்து, மூன்று முறை பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர் 83 வீதமும், எழுதிப் பார்த்தவர் 71 வீதமும் நினைவு கூர்ந்தனர். ஒரு வாரம் கழியச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. படித்தவரிடம் எஞ்சியது 40 வீதம். எழுதிப் பார்த்தவரிடம் 61 வீதம்.

இதிலே மாணவர் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது, ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்ற எண்ணம் உண்டாகின்றது. ஐந்து நிமிடத்துக்கு அது உண்மையுமாகும். பரீட்சையோ ஐந்து நிமிடத்தின் பின் வருவதில்லை. இரவெல்லாம் வாசித்தும் மண்டபத்திலே ஒன்றும் தோன்றவில்லை என்று அழும் பிள்ளைகள் பலர், உழைப்பிலே குறைந்தவரல்லர்; உழைத்த முறையிலே ஏமாந்தவர்கள்.

ஆகவே அந்த 30 நிமிடம் புத்தகத்தை மூடிவைக்கும் நேரம். அன்று கற்றவற்றை வெறுந் தாளில் எழுதுதல் வேண்டும். டொனமூர் அரசியலமைப்பு 1931ஆம் ஆண்டில் எதனைக் கொடுத்தது, சோல்பரி அரசியலமைப்பு 1947ஆம் ஆண்டில் எதனைக் கொடுத்தது என்று பாராமல் எழுதிப் பாருங்கள். விடுபட்டதைப் பின்னர் புத்தகத்திற் பார்த்துச் சிவப்பு மையினால் நிரப்புங்கள். நாளை நீங்கள் படிக்கவேண்டியது அந்தச் சிவப்புப் பகுதியே. அதே பாடத்தை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் இவ்வாறே மீட்டுக்கொள்வது நன்று. கணிதமாயின், தீர்த்த கணக்கைக் கண்ணாற் பார்ப்பது படிப்பன்று. விடையை மறைத்துவிட்டு மீண்டும் கையாற் செய்தலே படிப்பு.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

நேரசூசியை எழுதுபவர் மாணவராயினும், அதனைக் காப்பவரும் குலைப்பவரும் பெரும்பாலும் வீட்டாரே. மாலை 6.30க்குப் படிக்கத் தொடங்கும் பிள்ளையை 6.45க்குக் கடைக்கு அனுப்புவதும், அடுத்த அறையிலே தொலைக்காட்சித் தொடரை உரத்து ஓடவிடுவதும் நாமேயல்லவா? அவ்வொன்றரை மணித்தியாலம் வீடே அமைதி காக்குமாயின், பல ஆயிரம் ரூபா கொடுத்துச் சேர்க்கும் மற்றொரு தனியார் வகுப்பிலும் அது பயன் தரும். தனியார் வகுப்பிலே ஆசிரியர் கணக்குச் செய்கிறார், பிள்ளை பார்க்கிறது. தானே செய்வதற்கு ஒரு வேளை வீட்டில் இல்லையானால் அங்கு கேட்டதெல்லாம் செவியோடு நின்றுவிடும்.

கைத்தொலைபேசி ஒரு தனிப் பிரச்சினை. 2020ஆம் ஆண்டிலே கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடமே அதன் வழியாகத்தான் வந்தது. எனவே அதனை முற்றாகப் பகைவன் என்று சொல்லுதற்கில்லை. படிக்கும் வேளையிலே அது சமையலறைத் தட்டில் இருக்கட்டும். பிள்ளையுடையது மாத்திரமன்று, தந்தையாருடையதும் அங்கே இருக்குமாயின் வாதத்துக்கு இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. பெண்பிள்ளை ஒருத்தியின் நாளை எழுதிப் பாருங்கள். முற்றங் கூட்டல், பாத்திரங் கழுவுதல், தம்பி தங்கையரைக் குளிப்பாட்டுதல் என்று, அவளுடைய அண்ணனின் தாளில் இல்லாத கட்டங்கள் பல அவள் தாளில் இருக்கும். இருவரும் எழுதுவது ஒரே வினாத்தாள். வீட்டு வேலை பழகுவது நல்லதே. அண்ணனும் பழகினால் இரட்டிப்பு நன்மை. வேலையைப் பங்கிட்டால் தங்கைக்கு நாளும் ஓர் அலகாவது கிடைக்கும்.

அந்த மாணவன்

நாங்கள் வகுத்த நேரசூசிக்கு வண்ண மை தீட்டவில்லை. சாதாரணத் தாளிலே பென்சிலால் எழுதினோம்; மாற்ற வேண்டிய இடத்தை அழித்து மாற்றுவதற்காக. படித்து முடித்த அலகுக்கு ஒரு கோடு இடும்படி சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதத்தின் பின் அத்தாள்களை எடுத்து வந்தான். முதல் வாரத்தில் 21க்கு 13 கோடுகள். இரண்டாம் வாரத்தில் 16. மூன்றாம் வாரத்திலே புதனும் வியாழனும் முற்றாக வெறுமையாக இருந்தன. வெள்ளிக்கிழமைக் காலையில் ஒரு கோடு இருந்தது.

“இந்த ரெண்டு நாளும் என்ன நடந்தது தம்பி?” என்று கேட்டேன்.

“கோயில் திருவிழா சேர். ரெண்டு நாளும் படிக்கேல்லை. வெள்ளிக்கிழமை திரும்பத் தொடங்கினன்.”

அவன் அதனைச் சாதாரணமாகவே சொன்னான். எனக்கோ அந்த ஒற்றைக் கோடு மற்றெல்லாக் கோடுகளிலும் பெரிதாகத் தோன்றிற்று. முன்னர் நான்காம் நாள் உறங்கிவிட்டதற்காகத் தன்னையே கைவிடத் துணிந்தவன், இப்போது இரண்டு நாள் தவறியும், எதுவும் நடவாததுபோல் மூன்றாம் நாள் மேசைக்கு வந்திருக்கின்றான். இரண்டாந் தவணையில் கணிதத்துக்கு அவன் பெற்றது 46. பெரும் புள்ளியன்று. ஆனால் கராஜைப் பற்றி அவன் மீண்டும் பேசவில்லை; அடுத்த ஆண்டு சாதாரணதரப் பரீட்சை மண்டபத்துக்குள் மற்றவரைப்போல் தானும் நிமிர்ந்து சென்றான்.

மாணவ மணிகளே, நேரசூசி என்பது பிறருக்குக் காட்டும் படமன்று. உங்களோடு நீங்கள் செய்துகொள்ளும் வாக்குறுதி. நிறைவேற்றக்கூடியதை மாத்திரம் எழுதுங்கள், எழுதியதைச் செய்யுங்கள், தவறினால் மறுநாள் மீண்டும் தொடங்குங்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு பென்சிலும் வெறுந் தாளும் எடுத்து, கழிந்த வாரத்தின் உங்கள் பொழுதுகள் எங்கே போயின என்று முதலில் எழுதிப் பாருங்கள். கோடு கீறுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.